டிசம்பர் லீவுக்கு உப்புவெளியில சர்ஃப் பண்ணலாமா? அப்ல 1.9 மீற்றர் காட்டுது

பலகைப்பெடியன்
டிசம்பர் 14, இரவு 9.40

வணக்கம் எல்லாருக்கும். நான் கொழும்பில வேலை, அம்மம்மா வீடு திருகோணமலையில, உப்புவெளிக்குப் பக்கத்தில அலஸ்தோட்டத்தில, கடற்கரைக்கு நடந்து அஞ்சு நிமிசம். சின்ன வயசில இருந்து லீவுக்கு வாற இடம்தான், ஆனா எப்ப வந்தாலும் ஆகஸ்ட்டிலதான் வந்திருக்கிறன், அப்ப கடல் தாம்பாளத்தில ஊத்தி வச்ச தண்ணி மாதிரி கிடக்கும், இடுப்பளவு தண்ணியில நிண்டு கால் விரல எண்ணலாம். போன வருசம் வெலிகமயில சர்ஃப் பழகினன், இந்த ஜூலையில அறுகம்பேயில ரெண்டு கிழமை நிண்டு பேபி பொயின்ட்டிலயும் விஸ்கி பொயின்ட்டிலயும் ஓடினன், மெயின் பொயின்ட்டுக்கு இன்னும் தைரியம் வரேல்ல.

இப்ப விசயம் என்னெண்டா 22ம் திகதியில இருந்து நியூ இயர் வரைக்கும் லீவு. சும்மா போனில அலை காட்டுற அப்பைத் தட்டிப் பார்த்தா உப்புவெளிக்கு 23ம் திகதி 1.9 மீற்றர், 7 செக்கன், வடகிழக்கு எண்டு காட்டுது, காத்து 17 நொட். அறுகம்பேயில 1.4 மீற்றர்ல எனக்கு நல்ல ஓட்டம் கிடைச்சது, அப்ப 1.9 எண்டா இன்னும் நல்லாத்தானே இருக்கோணும்? ஆனா நெட்டில தேடினா திருகோணமலையில சர்ஃப் எண்டு ஒருத்தரும் பெரிசா எழுதேல்ல, எல்லாம் புறாமலை, திமிங்கிலம், டொல்பின் எண்டுதான் வருது. ஏன் அப்பிடி, ஆக்களுக்குத் தெரியாமக் கிடக்கிற இடமா இல்லாட்டி உண்மையிலயே ஒண்டும் இல்லையா? என்னோட ரெண்டு பிரெண்ட்ஸ் வாறாங்கள், ஒருத்தனுக்கு நீச்சல் அரைகுறை. 8 அடி சொஃப்ட் போர்ட் ஒண்டு கையில இருக்கு. தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ.


டச்பே_மச்சான்
டிசம்பர் 14, இரவு 10.05

மச்சான் மார்கழி மாசத்தில எங்கட கடல்ல இறங்கப் போறன் எண்டு முதல்ல அம்மம்மாட்ட சொல்லிப் பார், போர்ட ரெண்டா முறிச்சு அடுப்புக்க வச்சிடுவா 😂 பகிடிய விடு, கீழ ஆரும் தெரிஞ்ச ஆள் வந்து சொல்லுவாங்க. நான் கரையில நிண்டு இறால் வடை சாப்பிடுற கட்சி.


சல்லிக்கரை
டிசம்பர் 15, காலை 5.50

தம்பி, நான் கடற்தொழில் செய்யிற குடும்பம், சல்லிப் பக்கம். சர்ஃப் எனக்குத் தெரியா, கடல் கொஞ்சம் தெரியும், அதால அந்த வழியில சொல்லுறன்.

எங்கட பக்கம் கடலுக்கு ரெண்டு முகம். சித்திரை வைகாசியில இருந்து புரட்டாதி வரைக்கும் கச்சான் காத்து, அது தரையில இருந்து கடலுக்குப் போற காத்து, காடு வயல் எல்லாம் தாண்டி காய்ஞ்சு சூடா வரும், முகத்தில அடுப்பு ஊதின மாதிரி இருக்கும். கடல் முதுகில அடிக்கிற காத்துத்தானே, கரையில திரை எழும்பாது. அதுதான் நீங்கள் ஆகஸ்ட்டில பார்த்த கடல். அந்தக் காலம்தான் எங்களுக்கு கரவலைக் காலம், நீர்கொழும்பு சிலாபம் பக்கத்து ஆக்கள் கூட குடும்பத்தோட வந்து வாடி போட்டு இருப்பாங்கள்.

ஐப்பசிக்குப் பிறகு எல்லாம் மாறும். முதல்ல பின்னேரம் பின்னேரம் இடி மழை, பிறகு வாடை விழும். வாடை எண்டா வடகிழக்கில இருந்து நேரா எங்கட நெஞ்சுக்கு வாற காத்து, அதுக்கு முன்னால மறிக்கிறதுக்கு ஒண்டும் இல்ல, வங்காள விரிகுடா முழுக்கத் திறந்து கிடக்கு. மார்கழியில நாங்களே வள்ளத்த பனையடிக்கு இழுத்துக் கட்டிப் போட்டு வலை பொத்திக்கொண்டு இருக்கிற நாள் கனக்க. ஒரு நாள் ரெண்டு நாள் காத்து விழுந்தா போவம், இல்லாட்டி இல்ல. புறாமலைக்கு ஓடுற போட் எல்லாம் இந்தக் காலத்தில நிப்பாட்டித்தான் கிடக்கும், அதுவே உங்களுக்கு ஒரு கணக்கு. காசு வாற தொழில ஒருத்தன் சும்மா நிப்பாட்ட மாட்டான்.

அடுத்தது தண்ணி இழுவை. இந்த மாசங்களில கரையோட சேர்ந்து தெக்கால ஒரு ஓட்டம் ஓடும். நீங்கள் அலஸ்தோட்டத்தில இறங்கி அரை மணித்தியாலத்தில திரும்பிப் பார்த்தா உங்கட உடுப்பு வச்ச இடம் காணாது. திரைக்கு நடுவில ஒரு இடம் மட்டும் முறியாம, நுரை இல்லாம, கொஞ்சம் கறுப்பா சாதுவாத் தெரியும், புது ஆக்கள் அதுதான் இறங்க நல்ல இடம் எண்டு அதுக்குள்ளதான் போவினம். அதுதான் தண்ணி திரும்பி வெளிய ஓடுற வாய்க்கால். அதுக்குள்ள மாட்டினா கரையைப் பார்த்து நீந்தாதேங்கோ, கரையோட பக்கவாட்டா நீந்தி நுரை இருக்கிற இடத்துக்கு வாங்கோ, திரை தானா கொண்டு வந்து போடும். நீச்சல் அரைகுறை எண்ட பிரெண்ட முழங்காலுக்கு மேல விடாதேங்கோ. அதில பேச்சுக்கு இடம் இல்ல.


காத்துவழி
டிசம்பர் 15, பகல் 1.20

சல்லிக்கரை அண்ணா சொன்னது அத்தனையும் சரி, நான் அப் பக்கத்தால வாறன், ஏனெண்டா கேள்வி 1.9 எண்ட நம்பரில தொங்கிக்கொண்டு நிக்குது. நான் சீசனுக்கு நிலாவெளியில ஸ்நோர்க்லிங் ஆக்களைக் கூட்டிக்கொண்டு போறவன், ஓஃப் சீசன்ல ரூமுக்குள்ள இருந்து காத்து மெப் பார்க்கிற வருத்தம் ஒண்டும் இருக்கு.

தம்பி நீங்கள் உயரத்த மட்டும் பார்த்திட்டீங்கள், அதுக்குப் பக்கத்தில 7 செக்கன் எண்டு கிடக்குதே அதுதான் இங்க கதை. அறுகம்பேயில ஜூலையில நீங்கள் ஓடின அலை இலங்கைக்கு கிட்ட உருவானதே இல்ல, தெற்கே கன தூரத்தில தென் சமுத்திரத்தில புயல் அடிச்சு அங்க இருந்து ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் ஓடி வாறது, வாற வழியில சின்னன் எல்லாம் விழுந்து போய் நல்ல நீளமான அலை மட்டும் வந்து சேரும், 12, 14 செக்கனுக்கு ஒண்டு. ஆழ்கடல்ல 14 செக்கன் அலைக்கு ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையில கிட்டத்தட்ட 300 மீற்றர். 7 செக்கன் எண்டா 75 மீற்றர்தான். பாதி இல்ல, கால்வாசி. அதால அறுகம்பேயில ஒரு அலை வந்து போனா மூச்சு விட நேரம் இருக்கும், இங்க ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறி வரும், போர்டைத் திருப்பி வெளிய துடுப்புப் போடவே விடாது.

அதோட அந்த 7 செக்கன் அலையை எழுப்பினதே அந்த 17 நொட் காத்துத்தான், மணிக்கு 31 கிலோமீற்றர் வரும், அதுவும் கடல்ல இருந்து கரைக்கு. சுத்தமான ஒன்ஷோர். அலையின்ர முகம் நிக்க முதலே உச்சியைத் தள்ளி விழுத்திப் போடும். தெற்குக் கரையில வெலிகமயில இப்ப ஏன் நல்லாருக்கு? அதே வாடைக்காத்து அங்க தரையைக் கடந்து கடலுக்குப் போறதால, அங்க அது ஒஃப்ஷோர். எங்கட கச்சான் கதைதான், மறுபக்கமா. ஒரே தீவு, ஒரே காத்து, ஆனா முதுகும் முகமும் வேற வேற.

சரி அப்ப ஜூலையில அந்தத் தெற்கால ஓடி வாற அலை (ஸ்வெல்) ஏன் திருகோணமலைக்கு வாறேல்ல எண்டு கேப்பீங்கள். வரும், ஆனா பொத்துவில், அறுகம்பே பக்கம் கரை தென்கிழக்கைப் பார்த்துக்கொண்டு நிக்குது, அலை முனையைச் சுத்தி வளைஞ்சு உள்ள வரும். அங்க இருந்து வடக்கே வர வர கரை திரும்பித் திரும்பி எங்கட பக்கம் வடகிழக்கைப் பார்க்குது, தெற்கால வாறது எங்களைத் தோளில உரசிக்கொண்டு வெளியால போயிடும். மிச்சம் வந்தா கணுக்கால் அளவு. ஆக எங்களுக்கு காத்து நல்லா இருக்கிற காலம் அலை இல்ல, அலை இருக்கிற காலம் காத்து கூடாது. இதுதான் ஒருத்தரும் எழுதாததுக்குக் காரணம், ரகசியம் ஒண்டும் இல்ல.

இன்னொண்டு, அப்ல வாற உயரம் எண்டது எல்லா அலையிலயும் பெரிய மூண்டில ஒரு பங்கின்ர சராசரி. 1.9 எண்டா இடைக்கிடை மூண்டு மீற்றரைத் தாண்டியும் ஒண்டு வரும், அது வாற நேரம் நீங்கள் எங்க நிக்கிறீங்கள் எண்டதுதான் கேள்வி. ஒன்பது நாளுக்குப் பிறகு வாறதைக் காட்டுற போர்காஸ்டை நான் சாத்திரம் மாதிரித்தான் பார்ப்பன், மூண்டு நாளுக்குள்ள வந்தாப் பிறகுதான் நம்புவன்.


அலைப்பித்தன்
டிசம்பர் 15, பின்னேரம் 6.15

எல்லாரும் சேர்ந்து பெடியனைப் பயப்பிடுத்திப் போட்டீங்கள் 😄 நான் நிலாவெளியில சர்ஃப் பண்ணியிருக்கிறன், ஒரு தரம் இல்ல, நாலைஞ்சு தரம். தை கடைசியில இருந்து மாசி நடுப்பகுதி வரைக்கும் ஒரு இடைவெளி வரும், மழை குறைஞ்சு வாடை இளகத் தொடங்கும், ஆனா வெளியில இன்னும் கொஞ்சம் அலை மிஞ்சிக் கிடக்கும். அந்த நாட்களில விடிய அஞ்சரைக்கு எழும்பிப் போனா தரைக்காத்து மெல்லமா கரையில இருந்து கடலுக்கு அடிச்சுக்கொண்டு இருக்கும், ஒரு எட்டு எட்டரை வரைக்கும் முகம் துடைச்ச மாதிரி அலை, இடுப்பளவு, சில நேரம் நெஞ்சளவு. அறுகம்பே மாதிரி நீளமா ஓட மாட்டியள், அஞ்சு செக்கன், ஆறு செக்கன், பிறகு கரையில போய் டப்பெண்டு விழுந்து முடிஞ்சிடும். ஆனா தண்ணியில நீங்கள் ஒரு ஆள்தான், வரிசை இல்ல சண்டை இல்ல. ஒன்பது மணிக்குப் பிறகு கடல்காத்து ஏறினதும் எல்லாம் குழம்பிடும், வெளிய வந்து அப்பம் சாப்பிடுங்கோ.

மார்கழியில ஒருக்கா இறங்கினனான், அதையும் சொல்லுறன். காலமை கடல் பரவாயில்ல எண்டு தெரிஞ்சது, தங்கியிருந்த இடத்து ஆளும் ஓம் ஓம் எல்லாரும் குளிக்கிறவைதான் எண்டார் (அவர் கடலுக்கு முதுகு காட்டி நிண்டுதான் சொன்னவர்). மூண்டாவது அலையில போர்டைக் காலோட கட்டுற கயிறு (லீஷ்) அறுந்து போர்ட் கரைக்குப் போயிட்டுது, நான் உள்ள. அங்க கரை சரிவா விழும், அலை கடைசி அடியில மொத்தமா முறிஞ்சு மணலில தூக்கி அடிக்கும், ரெண்டு தரம் காலை ஊண்டப் பார்த்து ரெண்டு தரமும் இழுத்துக்கொண்டு போச்சு. எழும்பி வந்து பார்த்தா இறங்கின இடத்தில இருந்து அரைக் கிலோமீற்றருக்கு மேல தெக்கால நிக்கிறன். தோள் ஒரு மாசம் நோகினது. அதுக்குப் பிறகு மார்கழியில நான் இறங்கிறேல்ல.


பலகைப்பெடியன்
டிசம்பர் 15, இரவு 8.30

எல்லாருக்கும் பெரிய நன்றி. காத்துவழி அண்ணா, அந்த செக்கன் விசயம் இவ்வளவு நாளும் சும்மா ஒரு நம்பர் எண்டு நினைச்சு விட்டிட்டன், வெலிகமயில சொல்லித் தந்தவர் கூட உயரத்தை மட்டும்தான் சொன்னவர். அப்ப 22ம் திகதி வாறது வாறதுதான், டிக்கெட் எடுத்தாச்சு. அலை இல்லாம பிரெண்ட்ஸோட தண்ணியில இறங்க எங்கயாவது பாதுகாப்பா இடம் இருக்கா? டச் பேயில கோணேசர் மலை மறைப்பு இருக்குத்தானே, அங்க சரியா வருமோ? மழை எப்பிடி இருக்கும் எண்டும் சொன்னா நல்லம்.


டச்பே_மச்சான்
டிசம்பர் 15, இரவு 8.52

மறைப்பு இருக்கு, ஆனா நம்பாத. மலைக்கு ஒட்டின மூலையில கொஞ்சம் அடக்கமா இருக்கும், அங்கால தள்ளிப் போகப் போக அலை வளைஞ்சு உள்ள வந்து அடிக்கும். வாடை நல்லாப் பலத்தா கடற்கரையில ஐஸ்கிறீம் விக்கிற வண்டிக்காரரே பின்னுக்குத் தள்ளி நிப்பார். எங்கட வீட்டில எல்லாம் மார்கழியில ஜன்னல் கண்ணாடியில உப்புப் படிஞ்சு வெளிய தெரியாது, துணி காயப் போட்டா மூண்டு நாள்.


கிண்ணியா_நானா
டிசம்பர் 16, காலை 10.10

அஸ்ஸலாமு அலைக்கும் தம்பிமாரே. கூட்டாளிமாரோட குளிக்கிறதுக்கு எண்டா மாபிள் பீச் பக்கம் போங்க, சீனக்குடாப் பக்கத்தில விமானப்படை பார்த்துக்கொள்ற இடம், டிக்கெட் எடுத்துப் போகணும். அது குடாவுக்கு உள்ள இரிக்கிறதால வெளிக்கடல் கொதிச்சாலும் அங்க தண்ணி சாதுவா இரிக்கும். திருகோணமலைத் துறைமுகத்துக்கு அந்தக் காலத்தில இருந்து போர்த்துக்கீசன், ஒல்லாந்தன், வெள்ளக்காரன் எண்டு எல்லாரும் அடிபட்டதே இதுக்குத்தானே, எந்தக் காத்திலயும் கப்பல் நிம்மதியா நிக்கும். மழைக்குப் பிறகு மட்டும் தண்ணி கலங்கி வரும், மகாவலி எங்கட கொட்டியாரக் குடாவிலதான் வந்து விழுது, வெள்ளம் வந்தா மரம் மட்டை எல்லாம் கொண்டாந்து தள்ளும்.

முகத்துவாரப் பக்கம் கவனம். இறக்கக்கண்டி, சாம்பல்தீவு எண்டு களப்பு கடலோட சேர்ற இடம் எல்லாம் இப்ப வாய் திறந்து ஓடும். பார்க்க கரண்டைக்கால் தண்ணி, நடந்து கடக்கலாம் எண்டு தோணும், ஒரு எட்டு வச்சா மணல் காலுக்கடியால கழண்டு போகும். எங்கட வாப்பா சொல்லுவார் முகத்துவாரத்துக்கு முகம் பார்த்துப் பேசாத எண்டு.

மழை எண்டா இதுதான் மழை மாசம், நவம்பர் டிசம்பர் ரெண்டிலயும் ஒவ்வொரு மாசத்துக்கும் 300 மில்லிமீற்றருக்கு மேல விழுற ஊர், ஆண்டு முழுக்க விழுறதே 1600 சொச்சம்தான். ஆனா முழு நாளும் பெய்யும் எண்டு இல்ல, விடிய ஒரு பாட்டம், பிறகு வெயில், பிறகு பின்னேரம் கறுத்து வரும். வங்காள விரிகுடாவில தாழமுக்கம் எண்டு செய்தியில கேட்டா மட்டும் பிளானை எல்லாம் தூக்கி வைங்க. 2020 டிசம்பர் 2ம் திகதி ராவு புரெவிப் புயல் குச்சவெளி, திரியாய் பக்கத்தால கரை ஏறினது உங்களுக்கு ஞாபகம் இரிக்கும். பழைய ஆக்கள் 1964 மார்கழிப் புயலை இன்னும் சொல்லுவாங்க.

இன்னொரு விசயம், கச்சான் காலத்தைப் பத்தியும் சொல்லணும், ஏனெண்டா எல்லாரும் ஆகஸ்ட் எண்டா பயமில்ல எண்டு நினைக்கிறாங்க. கடல் கண்ணாடி மாதிரி இரிக்கும், ஆனா காத்து கடல் பக்கமா தள்ளும். பிள்ளைகளைக் காத்தடிச்ச டியூப்பில, மெத்தையில விட்டிட்டு பெரியாக்கள் நிழல்ல இருந்து போன் பார்ப்பாங்க, பத்து நிமிசத்தில அது கடலுக்குள்ள போயிரிக்கும். அலை இல்லாததால ஒருத்தருக்கும் விளங்காது. எங்கட பக்கம் வள்ளத்தில போய் இப்பிடி ஆக்களைக் கூட்டியாந்த கதை எத்தனையோ இரிக்கு.


காத்துவழி
டிசம்பர் 16, பகல் 12.40

நானா சொன்ன டியூப் கதை நான் ஒவ்வொரு சீசனும் கண்ணால காணுறது. நிண்டு துடுப்புப் போடுற பலகை வாடகைக்கு எடுத்தவையும் அப்பிடித்தான், போகேக்க காத்து முதுகில, நான் நல்லாத் துடுப்புப் போடுறன் எண்டு நினைப்பு, திரும்பேக்கதான் கணக்கு வரும்.

தம்பிக்கு, அப்பை விட்டிட்டு வளிமண்டலவியல் திணைக்களம் போடுற கடற்பரப்பு அறிக்கையைப் பாருங்கோ, தமிழிலயும் வரும். காங்கேசன்துறையில இருந்து திருகோணமலை ஊடாக எண்டு தொடங்குற வரியில காத்து 50, 60 கிலோமீற்றர் வரைக்கும் அதிகரிக்கலாம் எண்டு இருந்தா கரையில செருப்பை நனைக்கிறதோட நிப்பாட்டுங்கோ.


அலஸ்தோட்டத்து_அக்கா
டிசம்பர் 16, பின்னேரம் 4.30

தம்பி நீங்க எங்கட ரோட்டுப் பிள்ளை போல கிடக்கு, அம்மம்மாவ எனக்குத் தெரிஞ்சிருக்கும், சொல்லுறதில்ல 😀 கடல் பார்க்கிறதுக்கு நல்ல இடம் கரை இல்ல, மேல. மார்கழியில திருவெம்பாவை நடக்கும், விடியக்காலம் கோணேசர் கோயிலுக்குப் போங்கோ, கும்பிட்டிட்டு வெளிச்சம் வந்தாப் பிறகு இராவணன் வெட்டுப் பக்கம் நிண்டு கீழ பாருங்கோ. எந்த இடத்தில திரை முறியுது, எந்தப் பக்கம் ஓட்டம் போகுது, எங்க தண்ணி பழுப்பு எங்க நீலம், எல்லாம் படம் கீறி வச்ச மாதிரித் தெரியும். என்ர மனுசன் ஸ்கூல்ல புவியியல் படிப்பிக்கிறவர், பிள்ளைகளை அங்க கொண்டு போய்த்தான் காத்துத் திசை படிப்பிப்பார். குரங்கும் மானும் கையில இருக்கிறதைப் பறிக்கும், அதுவும் கவனம்.


பலகைப்பெடியன்
டிசம்பர் 23, இரவு 7.10

வந்தாச்சு. போர்டைக் கொழும்பிலயே விட்டிட்டு வந்தன். இண்டைக்கு விடிய அக்கா சொன்ன மாதிரி மேல போய் நிண்டன், காத்தில நிக்கவே ஏலாது, வேட்டியைப் பிடிக்கிறதா கமராவைப் பிடிக்கிறதா எண்டு தெரியேல்ல. கீழ வெள்ளை வெள்ளையா எல்லாப் பக்கமும் முறியுது, ஒரு ஒழுங்கும் இல்ல, போனை எடுத்து நேரம் பிடிச்சுப் பார்த்தன், ஆறு செக்கன், ஏழு செக்கன், அஞ்சு செக்கன். அப்ல 2.1 எண்டு கிடந்தது. பின்னேரம் அலஸ்தோட்டத்துக் கரையில நிண்டு ஒரு தடியை எறிஞ்சு பார்த்தம், நாங்கள் நடந்து பிடிக்க ஏலாத வேகத்தில தெக்கால போச்சு. நீச்சல் அரைகுறை பிரெண்ட் அதைப் பார்த்த பிறகு கணுக்காலைக் கூட நனைக்கேல்ல, நாளைக்கு மாபிள் பீச் போறம்.

அலைப்பித்தன் அண்ணா, மாசி எண்டு சொன்னீங்களே, எந்தக் கிழமை எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? வெள்ளிக்கிழமை இரவு ரயில்ல ஏறினா சனி விடிய வந்திடலாம், ஆனா ரெண்டு நாளுக்கு முன்னமே தெரிஞ்சாத்தான் லீவு போடலாம்.


அலைப்பித்தன்
டிசம்பர் 23, இரவு 9.00

காத்து 8 நொட்டுக்குக் கீழ, அலை ஒரு மீற்றருக்குக் கிட்ட, செக்கன் 8 அல்லது மேல. மூண்டும் சேர்ந்து வந்தா புதன் இரவே பாக்கைக் கட்டுங்கோ. ஒரு வருசத்தில ஆறேழு நாள் அப்பிடிக் கிடைச்சாலே எனக்குப் பெரிசு.


சல்லிக்கரை
டிசம்பர் 24, காலை 5.35

உந்த நொட்டு கணக்கு எனக்கு விளங்காது. மாசியில நாங்கள் வள்ளம் இறக்கத் தொடங்கின அண்டு இதில வந்து ஒரு வரி எழுதி விடுறன். வந்தா சல்லி அம்மன் கோயிலுக்கு இங்கால இறங்குங்கோ, போர்டோட வாற பெடியனை வலை இழுக்க விடாம அனுப்ப மாட்டம்.